மாமன் அனுப்பிய கழிவு மூட்டை

நெல்லிவாசல்நாடு,
10-2-1985.

தங்கச்சி மகள் அம்சவல்லிக்கு மாமன் பஞ்சாட்சரம் எழுதிக்கொண்டது.

இங்கே நான், உன் அத்தை பாஞ்சாலை, உன் அம்மா அம்மாக்கண்ணு, மாடு ரெண்டு, எல்லாருமே சௌக்கியம். பெங்களூர்ல நீயும் உன் கம்ப்யூட்டர் மெஷினும் சௌக்கியமா இருக்கீங்களான்னு எழுது.

நீ கேட்ட கடுக்காய் ரெண்டு மூட்டையும் லாரி சர்வீஸ்ல போட்டாச்சி. சிவப்பு நூல் கட்டினது முதல் தரம். கறுப்பு நூல் கட்டினது கழிவு. மெஷினுக்கு நல்லது எது கெட்டது எதுன்னு காட்டிப் பழக்கணும், அதுக்குச் சரியாப் பிரிச்ச காய் வேணும்னு எழுதியிருந்தே. பிரிக்கிறதுக்கு இந்த ஜவ்வாது மலையில என்னை விட்டா வேற ஆள் யாரு? ஒடுகத்தூர் மண்டி ஆதிநாராயணன் முதலாளிக்கு இத்தனை வருஷமா நான்தானே தரம் பார்க்கிறேன். காய் மரத்துல இருக்கும்போதே கீழே நின்னு பார்த்து, இது முதல் தரம், இது பூச்சி அடிச்சதுன்னு சொல்லிடுவேன். போன மாசம் ராணிப்பேட்டையிலேர்ந்து தோல் பதம் போடற ஷாப்புக்காரர் ஒருத்தர் கார் போட்டுக்கிட்டு வந்து என் கண்ணையே பார்த்துக்கிட்டு நின்னார். இந்தக் கண்ணை ஒரு நாளைக்கு வாடகைக்குக் குடுப்பீங்களான்னு கேட்டார். நான் யோசிச்சிச் சொல்றேன்னு அனுப்பிட்டேன்.

உன் புரொபசருக்குக் கழிவுன்னா இன்னான்னு சொல்லிடு. துளை விழுந்தது, சுருங்கினது, உள்ளே மாவாப் போனது. அதைப் போட்டா தோல் பதமாகாது.

உன் அம்மா கேக்கச் சொன்னா, தலைக்கு எண்ணெய் வைக்கிறியா?

இப்படிக்கு மாமன்,
பஞ்சாட்சரம் (மூணாங் கிளாஸ் பாஸ்)

*

பெங்களூர்,
3-3-1985.

என்றும் என்மேல் பிரியமுள்ள மாமாவுக்கு அம்சவல்லியின் வணக்கம்.

நானும் மெஷினும் சுகம். எண்ணெய் வைக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். தினமும் என்று சொல்ல வேண்டாம்.

மூட்டைகள் வந்து சேர்ந்தன. இங்கே என்னோடு ஆராய்ச்சி செய்கிறவர்கள் மெஷினுக்கு எழுத்துப் படிக்கக் கற்றுத் தருகிறார்கள். நான் கடுக்காய் என்றதும் சிரித்தார்கள். இப்போது சிரிப்பதில்லை. டிவி கேமரா ஒன்றின் கீழே காயை ஒவ்வொன்றாக வைக்கிறேன். மெஷின் அந்தப் படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, எந்தக் கட்டத்தில் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்று எண்ணாக மாற்றிக்கொள்கிறது. துளை இப்படி இருக்கும், சுருக்கம் இப்படி இருக்கும் என்று நான் எதுவும் சொல்லித் தருவதில்லை. “இதை மாமா நல்லது என்றார், இதைக் கழிவு என்றார்” என்று மட்டும் சொல்கிறேன். பார்த்துப் பார்த்து அதுவே ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறது. பாதி மூட்டையைக் காட்டிப் பழக்கிவிட்டு, மீதியைக் கொடுத்துக் கேட்டேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் நீங்கள் சொன்னதையே சொல்லிவிட்டது.

இனிமேல்தான் பரீட்சை. அடுத்த மார்ச்சில் கமிட்டி உட்காரும். புதுப் பருவத்துக் காயை, மெஷின் ஒருமுறைகூடப் பார்க்காத காயை, அவர்கள் முன்னால் சரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டினால்தான் என் உதவித்தொகை நீளும். இல்லாவிட்டால் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்கு வர வேண்டியதுதான். அதனால் புதுக் காய் வந்ததும் இதே மாதிரி பிரித்து அனுப்புங்கள்.

மாமா, என்னை ஒடுகத்தூர் ஹாஸ்டலில் சேர்க்க மலையிலிருந்து நடத்திக் கூட்டிப்போன நாள் நினைவிருக்கிறதா? பாப்பாவுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு வரை தலைகீழாகத் தெரியும் என்று ஹெட்மாஸ்டரிடம் அளந்துவிட்டீர்கள். எனக்கு இரண்டாம் வாய்ப்பாடே தடுமாற்றம். அடுத்த மாதம் ஒப்பிக்கச் சொல்கிறேன் என்றார் அவர். உங்கள் பொய்யை நிஜமாக்கத்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். அந்த நன்றியை எந்த மூட்டையில் கட்டி அனுப்புவது என்று தெரியவில்லை.

அன்புடன்,
அம்சவல்லி

*

நெல்லிவாசல்நாடு,
21-7-1985.

அம்சாவுக்கு மாமன் எழுதறது. மழை நல்லா இருக்குது, சாமை விதைச்சாச்சி, மாடு உள்பட எல்லாரும் திடமா இருக்கோம். உனக்கு ஜுரம் கிரம் ஒண்ணும் இல்லையே?

உன் காகிதம் பங்குனியிலேயே வந்துடுச்சி. பதில் போட நேரம் எங்கே. ஊர் ஊரா உன் மெஷினைப் பத்திச் சொல்லிக்கிட்டு இருக்கேன். கலசப்பாக்கம் சந்தையில சொன்னப்போ கும்பல் கூடி பஸ் நின்னுப் போச்சி. நான் ஒரு வாய் வெத்தலை மென்னு முடிக்கிறதுக்குள்ள என் மருமக மெஷின் ஒரு லாரி காயைப் பிரிச்சிடும்னு மண்டியில சொன்னேன். ஆதிநாராயணன் முதலாளி சிரிச்சார். “அப்போ இனிமே நீ எதுக்கு பஞ்சாட்சரம், வூட்ல படுத்துக்கோ”ன்னார். “மொதலாளி, மெஷின் யாரைப் பார்த்துக் கத்துக்கிச்சி? வாத்தியாரை யாராவது வேலையை விட்டு எடுப்பாங்களா”ன்னு கேட்டேன். எனக்கு ஒரு டீ சொல்லி அனுப்பினார்.

மலையில இப்ப ஒரு அதிசயம். பெட்ரோமாக்ஸ் லைட்டைச் சுத்தி வானவில் மாதிரி வட்டம் கட்டுது. நிலா ரெண்டா உதிக்குது. கீழ்நாட்டுக்காரனுக்கு ஒண்ணுதானாம், பாவம். உன் அத்தைகிட்ட சொன்னேன், வாயை மூடிக்கிட்டுக் கஞ்சியைக் குடின்றா.

ஒரு விஷயம். உன் எழுத்தைக் கொஞ்சம் பெரிசாப் போடு. பெரிய படிப்புப் படிக்கிறவங்க பொடி எழுத்து எழுதினா மரியாதை இல்லை. போன காகிதத்தை ஜீப் டிரைவர் காசியை விட்டுப் படிக்கச் சொன்னேன். அவனுக்கும் படிக்கிற பழக்கம் விட்டுப் போகக்கூடாதில்ல.

இப்படிக்கு,
மெஷின் வாத்தியார் பஞ்சாட்சரம்

*

பெங்களூர்,
18-8-1985.

அன்பு மாமாவுக்கு,

எனக்கு ஜுரமும் இல்லை, கிரமும் இல்லை. எழுத்து இப்போது போதுமான அளவு பெரியதா? ஒரு பக்கத்துக்கு நாலு வரிதான் பிடிக்கிறது.

மலையில் இரண்டு நிலா உதிப்பதை ஹாஸ்டல் தோழிகளுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. இந்த மாமாவை ஒரு முறை பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

தீபாவளிக்கு வர முடியாது. கேமராவுக்கு வெளிச்சம் ஒரே சீராக விழும்படி பெட்டி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். காயின் நிழலைத் துளை என்று மெஷின் நினைத்துவிடுகிறது. அத்தைக்கும் அம்மாவுக்கும் என் அன்பு. புதுக் காயை மறந்துவிடாதீர்கள்.

அம்சவல்லி

*

நெல்லிவாசல்நாடு,
15-12-1985.

அம்சாவுக்கு ஆசீர்வாதம். குளிர்ல பல்லு கிட்டிக்கிது, மத்தபடி இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை. நீ கம்பளி போத்திக்கோ. மெஷினுக்கும் ஒண்ணு போத்து.

புதுக் காய் வந்துச்சி, பிரிச்சேன், அனுப்பிட்டேன். சிவப்பு நூல், கறுப்பு நூல், அதே மாதிரி. இந்த வாட்டி ஒருத்தரையும் கிட்ட சேர்க்கலை. நான் கூட உக்கார்றேன்னு உன் அத்தை வந்தா. உன் கை பட்டா மெஷின் குழம்பிடும், எழுந்து போன்னுட்டேன். இப்பல்லாம் எனக்குப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. கையில எடுத்தா போதும், காயே நான் இன்ன தரம்னு என்கிட்ட சொல்லிடுது.

வரி கொஞ்சம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறியிருக்கும். கோடு போட்ட தாள் தீர்ந்து போச்சி. கமிட்டி அன்னிக்கு என் பேரை ஒரு தடவை சொல்லிடு, மறக்காதே.

மெஷின் வாத்தியார்,
பஞ்சாட்சரம்

*

பெங்களூர்,
9-1-1986.

அன்பு மாமாவுக்கு வணக்கம். எல்லோரும் நலம்தானே?

மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். புதுக் காயில் மெஷின் படுத்துவிட்டது. நீங்கள் கழிவு என்று கட்டிய மூட்டையில் பாதியை நல்லது என்கிறது. நாலு நாளாகத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கிறேன், மாற மாட்டேன் என்கிறது. என் மெஷின் எதையும் கற்றுக்கொள்ளவில்லை, பழைய மூட்டையை மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறது என்று புரொபசர் சொல்லிவிட்டார். கமிட்டிக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது.

நூல் ஏதாவது மாறிவிட்டதா? தெரிந்தால் ஒரு கார்டு போடுங்கள். அதைத் தவிர எனக்குப் பிடித்துக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை.

அம்சவல்லி

*

நெல்லிவாசல்நாடு,
20-1-1986.

அம்சாவுக்கு மாமன் எழுதறது. பொங்கல் நல்லா நடந்துச்சி. உனக்கு வைக்கிற பங்கை மாட்டுக்கு வச்சோம்.

நூலெல்லாம் மாறலை. காரணம் வேற. சொல்ல வேணாம்னு இருந்தேன், கேட்டுட்டே, சொல்றேன். தாய்மாமன் வூட்லேர்ந்து போற மூட்டை அது. சீர் மாதிரி. அதுல பூச்சி தின்ன காயை அள்ளிக் கட்டறதுக்கு எனக்கு மனசு வருமா? பஞ்சாட்சரம் மருமகளுக்குக் கழிவை அனுப்பினான்னு லாரி ஆபீஸ்ல நாலு பேர் பேச மாட்டாங்களா? அதனால கழிவு மூட்டையில நானே நல்ல காயா பொறுக்கி நடுநடுவுல போட்டேன். மெஷின் அதைக் கண்டுபிடிச்சிடுச்சி பாரு. அது என் சிஷ்யப்பிள்ளை. உன் புரொபசரை ஒரு நாளைக்கு மலைக்கு அனுப்பு, நான் பேசிக்கிறேன்.

சாப்பாட்டுல மட்டும் குறை வைக்காதே.

பஞ்சாட்சரம்

*

பெங்களூர்,
2-2-1986.

அன்பு மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சீர் கதையைப் புரொபசரிடம் சொன்னேன். அவரும் சிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு சிவப்பு நூல் மூட்டையைத் திறந்தேன். அதில் நிறையக் காயை மெஷின் கழிவு என்கிறது. ஜன்னல் ஓரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். துளை எனக்கே தெரிகிறது. கழிவில் நல்லது கலந்தது உங்கள் பிரியத்தால் என்றால் நம்புகிறேன் மாமா. நல்லதில் கழிவு எப்படி வந்தது? பூச்சி தின்ற காயை முதல் தரம் என்று எனக்கு அனுப்புகிற ஆள் இல்லை நீங்கள்.

மலையில் இரண்டு நிலா என்று எழுதினீர்கள். நான் ஹாஸ்டல் முழுக்கப் படித்துக் காட்டிச் சிரித்தேன். விளக்கைச் சுற்றி வானவில் என்றீர்கள். எழுத்தைப் பெரிதாகப் போடச் சொன்னீர்கள். வரிமேல் வரி ஏறியிருந்தது. ஒரு வருடமாக மெஷினுக்குப் பார்க்கக் கற்றுத் தருகிறேன். இதையெல்லாம் நான் பார்க்கவில்லை.

மாமா, இந்தக் கடிதத்தை யார் படித்துச் சொல்கிறார்கள்?

அம்சவல்லி

*

நெல்லிவாசல்நாடு,
26-2-1986.

அம்சவல்லிக்கு அத்தை பாஞ்சாலை சொல்ல, ஜீப் டிரைவர் காசி எழுதறது. நாங்க இருக்கோம்மா. நீ நல்லா இருக்கணும்.

உங்க மாமா பதில் போட மாட்டார், அதனால நான் சொல்றேன். இந்தக் காகிதம் போடறது அவருக்குத் தெரியாது. போன மழைக்கு முன்னாடியிலேர்ந்தே அவருக்குக் கண்ணுல மங்கல். செம்புல தண்ணி ஊத்தினா வெளியே ஊத்தறார், கேட்டா செம்பு நகர்ந்துடுச்சின்றார். கதவுல முட்டிக்கிட்டு வந்து, மாடு முட்டிச்சின்றார். காயைத் தடவிப் பார்த்தும், காதுகிட்ட வச்சி ஆட்டிப் பார்த்தும்தான் பிரிக்கிறார். ஒடுகத்தூர்ல கண் கேம்ப் போட்டாங்க. போகலை. கத்தி வச்சா இருக்கிற வெளிச்சமும் போய்டும், கண்ணு போனவனுக்கு மண்டியில இன்னா வேலைன்னார்.

உன் காகிதம் வந்ததிலேர்ந்து சரியாச் சாப்பிடலை. பதினாறாம் வாய்ப்பாடு தெரியும்னு சொல்லிச் சேர்த்த படிப்பை நானே கெடுத்துட்டேன்னு உன் அம்மாகிட்ட சொல்லியிருக்கார். என்கிட்ட சொல்லலை.

(அம்சா, நான் காசி. போன வருஷம் பங்குனியில வந்த காகிதத்துலேர்ந்து நான்தான் எல்லாத்தையும் படிச்சிக் காட்டறேன். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தார். உன் கடைசிக் கேள்வியைப் படிச்சதும், எழுந்து மாட்டுக் கொட்டாய்க்குப் போய்ட்டார்.)

பாஞ்சாலை, கைநாட்டு

*

பெங்களூர்,
14-3-1986.

என் மெஷினுக்கு வாத்தியாரான மாமாவுக்கு, மாணவியின் வணக்கம். காசி அண்ணா, இதை மாமாவுக்கு மட்டுமில்லை, வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகப் படியுங்கள்.

நேற்று கமிட்டி உட்கார்ந்தது. நான் ஒன்றையும் மறைக்கவில்லை. மெஷின் ஒன்று சொல்கிறது, பிரித்தவர் வேறொன்று சொல்கிறார், யார் சரி என்று நீங்களே பாருங்கள் என்றேன். தகராறான காயையெல்லாம் மேஜையில் கொட்டினேன். இளநீர் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிய அரிவாளால் ஒவ்வொன்றாக உடைத்தேன். கோட் போட்ட பெரியவர்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். மெஷின் கழிவு என்ற காய் உள்ளே மாவாக இருந்தது. நல்லது என்ற காய் கெட்டியாக இருந்தது. சிலவற்றில் அதுவும் தவறியது. ஆனால் முக்கால்வாசிக்கு மேல் அது சொன்னதுதான்.

மாமா, அந்தப் பார்வை யாருடையது என்று யோசித்துப் பாருங்கள். போன வருடம் கண் தெளிவாக இருந்தபோது நீங்கள் பிரித்த மூட்டையைப் பார்த்துத்தான் அது கற்றுக்கொண்டது. உங்கள் பழைய கண் அதற்குள் பத்திரமாக இருக்கிறது. மெஷின் உங்களைக் குறை சொல்லவில்லை. வாத்தியாருக்கு உடம்பு சரியில்லை என்று அதுதான் எனக்கு முதலில் சொன்னது.

உதவித்தொகையை நீட்டிவிட்டார்கள். வாத்தியார் சில சமயம் தவறாகச் சொன்னாலும் மெஷின் எப்படிச் சரியாகக் கற்றுக்கொள்ளலாம் என்று இனி ஆராயச் சொல்கிறார் புரொபசர். உலகத்தில் சில பேர்தான் இந்தக் கேள்வியில் வேலை செய்கிறார்களாம். நீங்கள் என் படிப்பைக் கெடுக்கவில்லை. எனக்கு ஆராய்ச்சியே நீங்கள் கொடுத்ததுதான். கமிட்டியில் உங்கள் பேரைச் சொன்னேன். ஒருவர் எழுதியும் வைத்துக்கொண்டார்.

இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். திங்கள்கிழமை காசி அண்ணன் ஜீப்பில் நாம் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். மாடு முட்டியது, செம்பு நகர்ந்தது எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிக்கொள்ளுங்கள்.

உங்கள்,
அம்சவல்லி

*

நெல்லிவாசல்நாடு,
22-6-1986.

அம்சாவுக்கு மாமன் தன் கையாலேயே எழுதறது. எல்லாரும் சுகம். இந்த வாட்டி பார்த்துட்டுச் சொல்றேன்.

நீ ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள் பெங்களூருக்குப் போய்ட்டே. அப்புறம் நடந்த கதை கேளு. கட்டு அவுத்த அன்னிக்கு டாக்டர் என் கண்ணைப் பார்த்துட்டு, இவ்ளோ முத்தின புரையை என் சர்வீஸ்லயே எடுத்ததில்லைன்னார். நர்சுங்க எல்லாம் வரிசையில நின்னு பார்த்துட்டுப் போனாங்க. இப்ப கண்ணாடி போட்டாச்சி. சோடா பாட்டில் அடி மாதிரி இருக்குது. இந்தக் கண்ணாடியில பார்த்தா எறும்புக்கு மீசை தெரியுது. மாடு மட்டும் என்னைப் பார்த்து ரெண்டு நாள் மிரண்டுச்சி.

மண்டிக்குப் போனேன். மொதலாளி, கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிருக்குது, வச்சிக்கிறதும் அனுப்பறதும் உங்க இஷ்டம்னு உள்ளதைச் சொன்னேன். அவருக்கு முன்னாடியே தெரியுமாம். போன பருவம் பூரா நான் பிரிச்சி வச்சதை, நான் வூட்டுக்குப் போனப்புறம் அவரே உக்காந்து திரும்பப் பிரிச்சிருக்கார். ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. “உனக்குக் கண்ணு வர்ற வரைக்கும் பார்த்துக்கலாம்னு இருந்தேன், போய் உக்காரு”ன்னார். நான் இத்தனை நாளா அந்த ஆளைக் கஞ்சன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டு இருந்தேன். இனிமே சொல்ல மாட்டேன். குறைச்சிக்கிறேன்.

கூட ஒரு மூட்டை வருது. கறுப்பு நூல் கட்டினது. முழுக்கக் கழிவு. மண்டி, காடு, பக்கத்து வூட்டுக் கூடை எல்லாம் தேடி, துளை விழுந்தது, சொத்தை, சுருக்கம்னு ஒண்ணு ஒண்ணா வெளிச்சத்துல பார்த்துப் பொறுக்கினேன். இவ்ளோ மட்டமான காயை எந்தத் தாய்மாமனும் எந்த மருமகளுக்கும் சீர் அனுப்பியிருக்க மாட்டான். ஒரு நல்ல காய் அதுல இருந்துச்சின்னா என் பேரை மாத்திக்கிறேன். மெஷினைக் கேட்டுப் பாரு.

இதுக்குக் கீழே எழுதறதுல அளப்பு ஒண்ணும் இல்லை.

கண்ணாடி போட்டுக்கிட்டு வூட்டுக்கு வந்தப்போ உன் அம்மா வாசல்ல நின்னா. தலை பூரா வெளுத்திருந்துச்சி. என் தங்கச்சி அவ. எப்ப நரைச்சிதுன்னு கேட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சிண்ணேன்னா. எதிர்லயேதான் இருந்திருக்கா, நான் பார்க்கலை. நீ புடிச்சி இழுத்துக்கிட்டுப் போகலைன்னா பார்க்காமலே போயிருப்பேன்.

ஆஸ்பத்திரி பெஞ்சில நீ பக்கத்துல உக்காந்திருந்தப்போ, இன்னா அம்சா இப்படி இளைச்சிட்டேன்னு கேட்டேனே. எனக்கு அப்போ உன் புடவை இன்னா நிறம்னுகூட தெரியலை. ஊர்லேர்ந்து வந்த பொண்ணைக் கேக்கறதைக் கேட்டு வச்சேன். நீயும் ஆமா மாமா, ஹாஸ்டல் சாப்பாடுன்னே. தெரிஞ்சிதான் சொல்லியிருப்பே.

ஆடிக்கு வா. காலையில வெயில் வர்ற பக்கமா நிக்க வச்சி, கண்ணாடியைத் தொடைச்சிப் போட்டுக்கிட்டு, நல்லாப் பார்த்துட்டு, இளைச்சிருக்கியா இல்லையான்னு சொல்றேன்.

உன் மாமன்,
பஞ்சாட்சரம்